பதினோரு வீட்டுத் தண்ணீரிலும் மேனேஜர்

வாய்க்கால்மேட்டில் வாய்க்காலும் கிடையாது, மேடும் கிடையாது. இருப்பதெல்லாம் பனியன் கம்பெனிகளும், அந்தக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் லைன் வீடுகளும், மனசு வந்தால் பத்து நாளைக்கு ஒரு தரம் எட்டிப்பார்க்கிற குழாய்த் தண்ணீரும்தான். ஆகவே அங்கே வீட்டுக்குள் குடியிருந்தது தண்ணீர், அதன் ஓரத்தில் மனிதர்கள் ஒண்டிக்கொண்டார்கள் என்று சொன்னால் அதுதான் சரி. டிரம்மில் தண்ணீர், அண்டாவில் தண்ணீர், அடுக்கி வைத்த குடங்களில் தண்ணீர், கட்டிலுக்கு அடியில் பழைய பெயிண்ட் வாளியில் தண்ணீர், சாமி படத்துக்கு முன்னால் சொம்பில் தண்ணீர். இப்பேர்ப்பட்ட இடத்தில் ஒரு மீன் ஊர் சுற்றக் கிளம்பினால் என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசித்திருந்தால் நாச்சிமுத்து அந்த வியாழக்கிழமை காலையில் மீன் தொட்டியைக் கழுவ உட்கார்ந்திருக்கமாட்டார். ஆனால் யோசித்துவிட்டு ஒரு காரியத்தில் இறங்குகிற வழக்கம் அவருக்கு ஐம்பத்தாறு வருஷமாகக் கிடையாது.

முப்பது வருஷம் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்து கண் மங்கிப்போய், போன தை மாதத்திலிருந்து வீட்டோடு இருக்கிறவர் அவர். மனைவி துளசிமணி இன்னும் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறாள். நூறு பனியனுக்குள் ஒரு தையல் விட்டுப்போயிருந்தால் மடிப்பைப் பிரிக்காமலே சொல்லிவிடுவாள், புருஷனைப் பற்றியும் அதே மாதிரிதான். அவள் ஆசைப்பட்டு வாங்கி வளர்த்தது ஒரு ஃபிளவர்ஹார்ன் மீன், உள்ளங்கை நீளம், நல்ல சிவப்பு, நெற்றியில் ஒரு பெரிய புடைப்பு. அந்த நெற்றியைப் பார்த்ததும் தன் கம்பெனி மேனேஜர் ஞாபகம் வந்து அவள் அதற்கு மேனேஜர் என்றே பெயர் வைத்தாள், பெயர் வைத்த பிறகு மரியாதையும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. மேனேஜர் சாப்பிட்டாரு, மேனேஜர் கோவமா இருக்காரு என்றுதான் அவர்கள் குடியிருந்த காம்பவுண்டின் பதினோரு வீடுகளிலும் பேச்சு.

தாராபுரத்தில் மகள் சுகந்திக்கு மூன்று வாரம் முன்னதாகவே வலி கண்டு பெண் குழந்தை பிறந்துவிட்டது என்று போன் வந்ததும் துளசிமணி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தாயையும் பிள்ளையையும் பதினோராம் நாள் இங்கே கூட்டிவருவதும், மூன்று மாதம் கழித்து சுகந்தி வேலைக்குத் திரும்புவதும் முடிவாகிவிட்டது, அப்போது பிள்ளையைப் பகலில் யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி. "நானிருக்கறனல்லொ" என்றார் நாச்சிமுத்து. துளசிமணி வாசல் தாண்டிய காலைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

"சுகந்திய ரெண்டு வயசுல முடிவெட்டற கடையில வெச்சுட்டு நீங்க மட்டும் மினுமினுன்னு ஊட்டுக்கு வந்து சேந்தீங்களே, மறந்துபோச்சா? பத்து நாளைக்கு இந்த மீன உசுரோட, இதே தொட்டியில, இதே மாதிரி வெச்சிருங்க. அப்பறம் பேத்திய உங்க மடியில போடறதப் பத்திப் பேசலாம்."

பேத்தியை மடியில் போடுவது என்ற அந்த ஒரு வார்த்தை நாச்சிமுத்துவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. சொந்த மகளைத் தூக்கி வளர்க்க வேண்டிய வருஷங்களில் அவர் இரவும் பகலுமாக ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தார், அவள் வளர்ந்ததே அவருக்குச் சரியாகத் தெரியாது. இந்த ஒரு பிள்ளையையாவது கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு அழுகை வருகிற அளவுக்கு ஆசை இருந்தது. அந்த ஆசைதான் அவரைச் சும்மா இருக்கவிடாமல் மறுநாள் காலையிலேயே தொட்டியைக் கழுவ வைத்தது.

மேனேஜரை அலுங்காமல் ஒரு குண்டாவில் விட்டுவிட்டு, தொட்டியைத் தேய்த்து, கூழாங்கல்லை அலசி, புதுத் தண்ணீர் ஊற்றித் திரும்பிப் பார்த்தால் குண்டாவில் தண்ணீர் இருந்தது, மேனேஜர் இல்லை. பூனை இல்லை, காக்கை இல்லை, தரையில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது மூன்றாம் வீட்டிலிருந்து சம்பூரணத்தக்காவின் குரல் வந்தது.

"ஏனுங்ணா, உங்க மேனேஜரு எங்கூட்டு அரிசி ஊற வெச்ச போசிக்குள்ள இருக்காருங். சித்த வந்து பாக்கறீங்களா?"

போய்ப் பார்த்தார். இட்லி அரிசிக்கு மேலே, கழுநீரில், மேனேஜர் சாவகாசமாக வாலை ஆட்டிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து இரண்டு கையையும் உள்ளே விட்டார், கை நிறைய அரிசி வந்தது, மேனேஜர் வரவில்லை. அதற்குள் ஏழாம் வீட்டில், துணி அலசுகிற வாளியில் அவர் தலை தெரிவதாகச் செய்தி வந்தது.

ஒரு தண்ணீரில் முங்கி வேறொரு தண்ணீரில் எழும்புவது எப்படி என்று அந்தக் காம்பவுண்டில் யாரும் கேட்கவில்லை. எப்போது யார் வீட்டில் எழும்புவார் என்பதுதான் கேள்வியாக இருந்தது. டிரம்மில் இருந்தால் டிரம்முக்குத் தக்க பெருத்தும், சொம்பில் இருந்தால் சொம்புக்குத் தக்க சிறுத்தும், டம்ளரில் இருந்தால் நெற்றி மட்டும் வெளியே தெரியும்படியும் அவர் இருந்தார். ஒன்பதாம் வீட்டுக்காரர் பல் விளக்கிக் கொப்பளிக்க வாயில் ஊற்றிய தண்ணீருக்குள் மேனேஜர் ஒரு முறை வந்து, கன்னத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அந்த மனிதர் அன்றைக்கு முழுக்கக் கன்னத்தைத் தடவிக்கொண்டே திரிந்தார், பெருமையாகத்தான்.

மூன்று நாளில் காம்பவுண்டுக்குப் புதுப் பழக்கங்கள் வந்துவிட்டன. அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் பாத்திரத்தை விரலால் மூன்று முறை தட்டி, "மேனேஜர், இருந்தா வெளிய போயிருங்" என்று சொல்லி, இருபது எண்ணிவிட்டுத்தான் தீக்குச்சி கிழிக்க வேண்டும். தண்ணீரைச் சாக்கடையில் வீசக் கூடாது, சாய்த்துப் பார்த்து ஊற்ற வேண்டும். ஆறாம் வீட்டில் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்ளாத மாமியாரும் மருமகளும், ஒருத்தி அடுப்பு மூட்டும்போது மேனேஜர் இன்னொருத்தியின் குடத்தில் இருக்கிறாரா என்று கேட்டே ஆக வேண்டியிருந்ததால், வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்தார்கள். நான்காம் நாள் மேனேஜரை விட்டுவிட்டு மற்ற விஷயங்களைப் பேசிச் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். அடுத்த காம்பவுண்டுக்கு மேனேஜர் ஒரு நாளும் போனதில்லை, ஆனாலும் அங்கேயும் பெண்கள் பாத்திரத்தைத் தட்டிவிட்டுத்தான் சமைத்தார்கள், யாரும் தங்களைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்று.

பதினோராம் வீட்டில் சபாபதி ஓதுவார் குடும்பம், முட்டை வாடைகூட ஆகாத சுத்த சைவம். அவர் பூஜைக்கு வைத்த சொம்பில் மேனேஜர் எழுந்தருளிய அன்று காம்பவுண்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் கூடியது. ஓதுவார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் சொம்புக்குள் பார்த்தார்.

"நீந்திக்கிட்டு இருக்கற வரைக்கும் இவரு ஒறம்பரைங்க. சட்டிக்குள்ள போனாத்தான் மீனு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, வந்த விருந்தாளிக்கு ஒரு பருக்கைச் சோறும் போட்டார். அன்றிலிருந்து அவர் வீட்டு ஊறுகாய் ஜாடி ஒன்று நன்றாகக் கழுவப்பட்டு, நல்ல தண்ணீர் நிரப்பி, ஜன்னலில் தயாராக இருந்தது.

கொசுப் புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வருகிற பெண் அந்த வாரம் பதினோரு வீட்டு டிரம்மிலும் ஒரு புழுவைக் காணாமல் திகைத்து, அப்படியும் நம்பாமல் மறுபடி முதலிலிருந்து பார்த்து, கடைசியில் நோட்டில் எல்லோருக்கும் நன்று என்று எழுதிவிட்டுப் போனாள். அதன் பிறகு மேனேஜருக்கு இன்னும் மரியாதை கூடிவிட்டது. எங்க ஊட்டுக்கு நேத்து ரெண்டு வாட்டி, எங்க ஊட்டுல மத்தியானம் பூராவும் என்று பெண்கள் குழாயடியில் சொல்லிக்கொண்டார்கள். ஒருத்தி டிரம்முக்குள் பிளாஸ்டிக் பூச்செடி இறக்கினாள், ஒருத்தி குடத்தில் வெட்டிவேர் போட்டாள், எட்டாம் வீட்டுக்காரி பன்னீர் தெளித்துப் பார்த்து மேனேஜருக்குத் தும்மல் வந்ததாகச் சத்தியம் செய்தாள்.

பத்து வீட்டுக்கும் போனார் மேனேஜர், தன் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. நாச்சிமுத்து தொட்டியைத் துடைத்தார், விளக்குப் போட்டார், மேனேஜருக்குப் பிடித்த தீனியைத் தூவினார், கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "வாங்க மேனேஜர், தெரியாமப் பண்ணிப்போட்டேன், என்ற பேத்தி விசயமுங்" என்று கெஞ்சினார். தீனி ஊறி அடியில் படிந்தது. தான் அவ்வளவு பொல்லாத ஆளா என்று நினைத்தபோது அவருக்கு நிஜமாகவே வலித்தது.

சாயங்காலமானால் துளசிமணியின் போன் வரும். மேனேஜர் சாப்பிட்டாரா? சாப்பிட்டாரு. நல்லா இருக்காரா? ஜம்முனு இருக்காரு. இரண்டும் நிஜம்தான், எங்கே என்பதை மட்டும் அவள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ஏழாம் நாள் அவள் வீடியோ போட்டுக் காட்டச் சொன்னாள். நாச்சிமுத்து ஒரு கையில் வேட்டியையும் ஒரு கையில் போனையும் பிடித்துக்கொண்டு ஓதுவார் வீட்டு ஜன்னலுக்கு ஓடினார். நல்லவேளையாக மேனேஜர் ஊறுகாய் ஜாடியில் இருந்தார்.

"ஏனுங்க, தொட்டி எதுக்கு உருண்டையாத் தெரியுது?"

"இந்தப் போனு அப்படித்தான் காட்டுது."

"பின்னால தேவாரம் கேக்குதே?"

"மனசுக்கு நல்லதுன்னு மேனேஜருக்குப் போட்டு உட்டிருக்கறன்."

அந்தப் பக்கம் துளசிமணி முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்துருவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

சம்பூரணத்தக்கா ஒரு யோசனை சொன்னாள், கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கி விட்டுவிடலாம் என்று. நாச்சிமுத்து போய்ப் பார்க்கவும் பார்த்தார். கடை முழுக்கச் சிவப்பு மீன்கள், நெற்றி புடைத்த மீன்கள், ஆனால் ஒன்றுக்கும் அந்த முறைப்பு இல்லை. மடிப்பைப் பிரிக்காமலே தையலைக் கண்டுபிடிக்கிறவளுக்கு முன்னால் இதை எப்படி நிறுத்துவது என்று பயந்து வெறும் கையோடு திரும்பி வந்தார். வருகிற வழியில்தான் அவருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு யோசனை, செய்வதற்கு முன்னாலேயே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் குழாயடியில் நின்று எல்லோரையும் கூப்பிட்டார். குழாயில் தண்ணீர் வரப்போவது திங்கட்கிழமை. போன தரம் வந்து பத்தாம் நாள் என்பதால் எல்லா வீட்டிலும் டிரம்மின் அடித்தண்ணீர்தான் மிச்சம். அந்த மிச்சம் முழுவதையும், ஒரு சொட்டு விடாமல், தன் வீட்டில் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று கேட்டார். காம்பவுண்டில் வேறெங்கும் தண்ணீரே இல்லையென்றால் மேனேஜர் எங்கே போவார், இங்கேதானே வந்தாக வேண்டும்.

"நல்லாச் சொன்னீங்க போங்க. தண்ணியக் குடுத்துப்போட்டு நாங்க நாக்க வழிச்சுக்கறதா?" என்றாள் எட்டாம் வீட்டுக்காரி. அவளுக்கு மேனேஜரைக் கொடுக்கவே மனசில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டு துளசிமணி வைத்த பரீட்சையைச் சொன்னார். பேத்தியை மடியில் போடுவதைப் பற்றி அவள் சொன்னதையும், முடிவெட்டும் கடையில் சுகந்தியை விட்டுவிட்டு வந்ததையும், பாதி வழியில் கை லேசாக இருக்கிறதே என்றுகூடத் தனக்குத் தோன்றவில்லை என்பதையும், அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்பதையும் சொன்னார். பெண்கள் முதலில் சிரித்தார்கள், சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். சம்பூரணத்தக்கா போய்த் தன் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஒரு நாளுதானே, தாங்கிக்கலாமுங். ஆம்பளையாளு ஒருத்தரு புள்ள வளக்கறேன்னு வாய் தொறந்து கேக்கறாரு, உடக்கூடாது" என்றாள்.

பிறகு வந்தது தண்ணீர். டிரம்மைச் சாய்த்து உருட்டிக்கொண்டு வந்தார்கள், அண்டாவை இரண்டு பேராகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், குடம், வாளி, போசி, சொம்பு, பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டில், ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், பாதி குடித்த டீ, நேற்றைய ரசம், ஓதுவார் வீட்டில் பத்திரமாக இருந்த காசித் தீர்த்தம் ஒரு குப்பி, ஒன்பதாம் வீட்டுக்காரரின் கண்ணில் போடுகிற சொட்டு மருந்து. பிளம்பர் ஒருவர் குழாய்க்குள் தங்கிய தண்ணீரைக்கூட ஊதி எடுத்துக் கொடுத்தார். இரண்டு அறை வீட்டில் கட்டிலின் மேல், அலமாரியில், ஜன்னலில், தரையில் என்று பாத்திரத்துக்கு மேல் பாத்திரம் நின்றது. நடுவில் நாச்சிமுத்துவின் தையல் முக்காலி ஒன்றுக்குத்தான் இடம் மிஞ்சியது. அதில் அவர் உட்கார்ந்தார். பதினோரு வீட்டு ஜனமும் வறண்ட தொண்டையோடு ஜன்னலிலும் வாசலிலும் நின்று எட்டிப்பார்த்தது.

எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. இருநூறு பாத்திரத்தில் ஒன்றிலும் அசைவில்லை. தொட்டி வெறுமனே விளக்கெரிந்துகொண்டிருந்தது. பத்து மணிக்குச் சந்து முனையில் வாடகைக் கார் வந்து நின்றது.

சுகந்தியால் நிற்க முடியவில்லை, சம்பூரணத்தக்கா அவளைத் தன் வீட்டுக் கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். துளசிமணி துணிச் சுருளுக்குள் பிள்ளையை வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து, குடங்களுக்கு நடுவே ஒவ்வொரு காலாக வைத்து முக்காலி வரைக்கும் வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"எம் மீனு எங்கீங்க?"

தூங்குகிறார், டாக்டரிடம் காட்டியிருக்கிறது, கல்லுக்கு அடியில் ஒளிந்திருக்கிறார் என்று கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துப் பழக்கத்தில் வரிசையாகப் பதில்கள் நாச்சிமுத்துவின் வாய் வரைக்கும் வந்தன. இந்தப் பிள்ளைக்கு முன்னால் அதில் ஒன்றைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

"தொலைச்சுப்போட்டேன் துளசி. மொத நாளே."

"அப்ப போன்ல காட்டுனது?"

"ஓதுவார் ஊட்டு ஊறுகா ஜாடி."

"ஆமாங்க, எங்க ஜாடிதான்" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஓதுவாரும் சாட்சி சொன்னார்.

துளசிமணிக்குக் கோபம் வந்தது. அவளுக்கு இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றாமல் திட்டவே வராது, கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். கையில் பிள்ளை இருந்தது. கீழே போட ஒரு சாண் தரை இல்லை, கட்டில் நிறைய அண்டா. சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்த வீட்டிலேயே வெற்றிடமாக இருந்தது புருஷனின் மடி ஒன்றுதான்.

"மொதல்ல இதப் புடிங்க" என்று பிள்ளையை அந்த மடியில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, ஆரம்பித்தாள். மீனில் ஆரம்பித்து, முடிவெட்டும் கடைக்குப் போய், அவர் பஸ்ஸில் விட்ட குடைகள், அடி பிடிக்க விட்ட பால், கல்யாணத்தன்றே தொலைத்த மோதிரம் என்று ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். நாச்சிமுத்து காதில் ஒன்றும் விழவில்லை. பதினோரு நாள் வயசான முகம் ஒன்று அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. கொஞ்ச நேரத்தில் மடியில் வெதுவெதுப்பாக ஒன்று பரவியது. அவர் அசையவில்லை, அசைந்தால் பிள்ளை பயந்துகொள்ளுமே என்று இரண்டு முழங்காலையும் சேர்த்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டார். வேட்டியின் பள்ளத்தில் பேத்தியின் மூத்திரம் ஒரு கைப்பிடி அளவுக்குத் தேங்கியது.

அதிலிருந்து முதலில் நெற்றி எழும்பியது, பிறகு சிவப்பு, பிறகு வால். மேனேஜர் வந்துவிட்டார்.

திட்டு பாதியில் நின்றது. ஜன்னலில் இருந்த அத்தனை தலைகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. பஞ்சு வேட்டி ஈரத்தை உறிஞ்ச, மேனேஜர் துள்ள ஆரம்பித்தார்; துள்ளலில் பிள்ளை வீறிட்டது. நாச்சிமுத்துவின் இடது கை பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது, வலது கை மேனேஜரை வாரிக்கொண்டது, யார் சொல்லியும் அல்ல, இரண்டு கையும் தானாக. கிட்டத்தில் இருந்த குடத்தில் விட்டிருந்தால் விட்டிருக்கலாம், ஆனால் அவள் இதே தொட்டியில் என்றுதானே சொல்லியிருந்தாள்.

"கீழ போட்றாதீங்க" என்றாள் துளசிமணி. எதை என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் எழுந்தார். தொட்டிக்கு ஆறு எட்டுத் தூரம், நடுவில் நாற்பது குடம். ஒரு குடத்துக்கும் அடுத்த குடத்துக்கும் இடையில் கால் கட்டை விரலை வைத்து, பிள்ளையின் தலையைத் தாடையால் தாங்கி, வழுக்குகிற மேனேஜரை விரல்களுக்குள் பிடித்து, மங்கிய கண்ணோடு, வாழ்நாளெல்லாம் கையில் கொடுத்ததையெல்லாம் தவறவிட்ட அந்த மனிதர் நடந்தார். ஒரு சொம்பு உருண்டது, தண்ணீர் ஓடியது, அவர் குனிந்து பார்க்கவில்லை. தொட்டியின் மேல் வலது கையை மட்டும் தாழ்த்தித் திறந்தார். மேனேஜர் உள்ளே இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்று, வழக்கம்போல எல்லோரையும் முறைத்தார்.

வெளியே பதினோரு வீடும் பெருமூச்சு விட்டது. எட்டாம் வீட்டுக்காரி மட்டும் அழுதாள். துளசிமணி இடுப்பிலிருந்து கையை எடுத்து, பிள்ளையை வாங்கிக்கொள்ள நீட்டினாள்.

நாச்சிமுத்து தரவில்லை.

"நெனஞ்சு கெடக்கறா. மாத்துத்துணிய எந்தப் பையில வெச்சிருக்கற, அதச் சொல்லு" என்றார்.

துளசிமணி நீட்டிய கையை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, எந்தப் பை என்று சொன்னாள்.